மயிலைக்கு அவித்த கொள்ளு

1945 மார்ச் 12, திங்கட்கிழமை. அரியலூர் ரயிலடியில் தண்டவாள வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நூற்றுப் பத்து ராத்தல் எடைக்குக் குறைந்தவரைச் சேர்க்கவில்லை.

சிங்காரவேலு: ...அதுக்காவ எந்தங்கச்சி வூட்டுக்காரரைக் காத்துல பறக்க வுட முடியுமா? மாப்ள, தராசுல ஏறும்போது மடியில ரெண்டு கல்லு வெச்சிக்குங்க.

நல்லதம்பி: வேட்டியை அவுத்துட்டு ஏறச் சொல்றாங்க மச்சான். கல்லை எங்க வெக்கிறது?

பஞ்சவர்ணம்: அண்ணே, நீ சும்மா இரு. காலையிலேர்ந்து அவரு வயித்தைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருக்காரு.

சிங்காரவேலு: தடவறதுக்கு வயிறு இருந்தா சந்தோசம்தான். தையில வந்தப்ப நூத்தி மூணு. டாக்டரு என்னைக் கூப்புட்டாரு. 'எட்டு வருசமா தண்டவாளக் கேங்குல இருக்கியே, உனக்குத் தெரியாதா? இந்த ஆளு ரயிலு போற காத்துக்கே சாஞ்சிருவாரு'ன்னாரு. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியல.

நல்லதம்பி: நீங்க தின்ன கோழிய எல்லாம் வரிசையா நிறுத்துனா இங்கேர்ந்து கல்லங்குறிச்சி வரைக்கும் நிக்கும். அந்த மூஞ்சிக்கு என்ன கொறை?

சிங்காரவேலு: நிக்கட்டுமே. தண்டவாளத்தைத் தோள்ல ஏத்துறப்ப அந்தக் கோழிங்கதான தூக்குது. நீங்க என்னடான்னா பாலு வேணாம், மோரு வேணாம், நெய்யி வேணாம், முட்டை, கறி, மீனு எதுவும் வேணாம்...

பஞ்சவர்ணம்: தேனும்.

சிங்காரவேலு: தேனுமா?

பஞ்சவர்ணம்: பூச்சி வாயிலேர்ந்து வந்ததாம்.

சிங்காரவேலு: கேட்டுக்க. ஐப்பசியில ஊரு மாட்டுக்கெல்லாம்தான் கோமாரி வந்துச்சு. அவனவன் ஒரு தேங்காய ஒடச்சிட்டுப் போயிட்டான். இவரு மட்டும் பெருமாளு முன்னால போயி நின்னு, உசிரு உள்ளதுலேர்ந்து வர்ற எதையும் ராமநவமி வரைக்கும் தொடமாட்டேன்னு நேர்ந்துகிட்டு வந்துட்டாரு. ஒரு மாட்டுக்கு.

நல்லதம்பி: மயிலை பொழச்சிச்சுல்ல.

சிங்காரவேலு: அது பொழச்சிச்சு. நீங்கதான் பொழக்கல.

பஞ்சவர்ணம்: நான் பட்டினியா போட்டேன்? உளுந்தங்களி, துவரம்பருப்பு, மொச்சை, எள்ளுருண்டை, கடலைக்கொட்டை... ஆட்டுக்கல்லு ஓயல எங்க வூட்டுல.

சிங்காரவேலு: பருப்பு எல்லாம் நாக்குக்கு. ஒடம்புல ஒட்டணும்னா கறிதான்.

நல்லதம்பி: ஏரு இழுக்குற மாடு என்னைக்கு மச்சான் கறி தின்னுச்சு?

சிங்காரவேலு: அதுக்கு நாலு காலு.

பஞ்சவர்ணம்: ரெண்டு பேரும் வெளையாடாதீங்க. ரெண்டு வருசமா காடு காஞ்சு கெடக்கு. இன்னிக்கும் கொறைஞ்சா இன்னொரு தடவை கூப்புட மாட்டாங்க. அப்புறம் மயிலையத்தான் சந்தைக்கு ஓட்டணும்.

நல்லதம்பி: ஓட்ட வேண்டாம், இரு...

சிங்காரவேலு: பேரு கூப்புடுறாங்க. போங்க மாப்ள. மூச்சை நல்லா இழுத்துப் புடிச்சிக்கிட்டு ஏறுங்க.

பஞ்சவர்ணம்: ...போயிட்டாரா?

சிங்காரவேலு: கதவைச் சாத்திட்டாங்க. ஏன் அந்தக் கதவையே பாக்குற?

பஞ்சவர்ணம்: அண்ணே, ஒண்ணு சொல்றேன். அவருகிட்ட சொல்லிறாத. களியில நெய்யி ஊத்துனேன்.

சிங்காரவேலு: எப்பலேர்ந்து?

பஞ்சவர்ணம்: தையில இங்கேர்ந்து திருப்பி அனுப்புனாங்களே, அன்னையிலேர்ந்து. தெனம் ஒரு கரண்டி. மேல நல்லெண்ணெய ஊத்தி மறைச்சிருவேன்.

சிங்காரவேலு: நெய்யி ஏது?

பஞ்சவர்ணம்: அண்ணிதான் குடுத்துச்சு.

சிங்காரவேலு: அதான பாத்தேன். எனக்கு ரெண்டு மாசமா ரசத்துல மொளகுதான் மெதக்குது.

பஞ்சவர்ணம்: சிரிக்காத அண்ணே. சாமிக்கு நேர்ந்ததை நான் கெடுத்துட்டேன். தராசு கீழ நின்னா என்னாலதான். மயிலைக்கு ஒண்ணு ஆனாலும் என்னாலதான்.

சிங்காரவேலு: மயிலைக்கா? அது யானைக்குட்டி கணக்கா மினுமினுன்னு கெடக்கு. பேசாம இரு, வர்றாரு. என்னா மாப்ள, எவ்வளவு?

நல்லதம்பி: ஏறுனேன்.

சிங்காரவேலு: ஏறுனீங்க, சரி.

நல்லதம்பி: டாக்டரு தராசுக் குண்டைத் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. அப்புறம் கண்ணாடியத் தொடச்சிப் போட்டுக்கிட்டு மறுபடியும் பாத்தாரு.

பஞ்சவர்ணம்: கொறைஞ்சிருச்சா?

நல்லதம்பி: என்னமோ எழுதுனாரு...

பஞ்சவர்ணம்: எம்மேலதாங்க தப்பு. களியில நான்... நெய்யி...

நல்லதம்பி: தெரியும்.

பஞ்சவர்ணம்: தெரியுமா?

நல்லதம்பி: உங்க அண்ணி உருக்குன நெய்யில்ல? மூடிய எடுக்கும்போதே மணந்துருச்சு.

பஞ்சவர்ணம்: தெரிஞ்சா தின்னீங்க? சட்டி கழுவுன மாதிரி திரும்பி வந்துச்சே.

நல்லதம்பி: நக்குனது மயிலை.

சிங்காரவேலு: அட பாவமே... என் நெய்யி.

பஞ்சவர்ணம்: அப்ப மாட்டுக் கொட்டாயில உக்காந்து சாப்புடுறேன், கொட்டாயில உக்காந்து சாப்புடுறேன்னு தூக்கிட்டுப் போனது இதுக்குத்தானா? நீங்க என்னத்தைத் தின்னீங்க?

நல்லதம்பி: மயிலைக்குன்னு ஒரு சட்டி கொள்ளு அவிச்சு வெப்பியே. உப்பும் ரெண்டு வெங்காயமும் மடியில முடிஞ்சிக்கிட்டுப் போவேன். அது களியத் திங்கும், நான் கொள்ளைத் திம்பேன். மொதல்ல தொண்டையில எறங்கல. அப்புறம் நான் எப்ப வருவேன்னு அது பாக்கும், அது எப்ப நவுரும்னு நான் பாப்பேன்.

சிங்காரவேலு: மாட்டுத் தீனியவா ரெண்டு மாசமா...

நல்லதம்பி: காலு ரெண்டுதான் மச்சான். இன்னும் மொளைக்கல.

பஞ்சவர்ணம்: வெங்காயம் கொறையுதுன்னு நான் எலிப்பொறி வெச்சேனே.

நல்லதம்பி: ஒரு நாளு வெரலு மாட்டிக்கிச்சு.

பஞ்சவர்ணம்: ஒரு மாட்டுக்காவ இம்புட்டு வைராக்கியமா? ஊத்துனது நானு, பாவம் என்னோட போயிருக்கும். கண்டும் காணாம தின்னுருக்கலாம்ல?

நல்லதம்பி: மாட்டுக்கு நேர்ந்திருந்தா தின்னுருப்பேன். மயிலை படுத்த அதே வாரம் நீயும்தான் காய்ச்சல்ல நெனப்பில்லாம கெடந்த. பதினோரு நாளு. பொண்டாட்டிக்கு நேர்ந்துகிட்டேன்னு சொன்னா உங்க அண்ணன் ரயிலடி பூராவும் சொல்லிச் சிரிப்பாருன்னு மாட்டு பேரைச் சொன்னேன். நூத்திப் பன்னெண்டு ராத்தலு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க.