நாலு எழுத்துக்கு ஒரு வார்த்தை

– இதுவும் இல்லையா? அப்ப அந்தத் தடிப் புத்தகத்தை எதுக்குடா தூக்கிக்கிட்டு வந்தே, வைரவா?

– டிக்‌ஷனரியில உள்ளதைத்தானேண்ணே சொல்ல முடியும். கே, ஏ, எம், வி நாலும் ஒண்ணா வர்ற இங்கிலீஷ் வார்த்தை அத்தி பூத்த மாதிரி.

– ஆலங்குடியில கடலை மண்டி வச்சிருக்கவனெல்லாம் தந்தி வந்து சேர, விலாசத்துக்குப் பதிலா ஒத்தை வார்த்தையில ஒரு பேரு பதிஞ்சுட்டான். நமக்கு மட்டும் சிக்க மாட்டேங்குது.

– அவுக வாய்க்கு வந்ததை வச்சுக்கிட்டாக. நீங்க நம்மளைப் பெத்த அப்பச்சி பேருக்குக் கே, உங்களுக்கு ஏ, மெய்யப்பண்ணனுக்கு எம், எனக்கு வி, எல்லாம் வேணுங்கிறீங்க.

– வேணும்தான். பர்மாவுல மோல்மேன் கடைப் பலகையில அப்பச்சி பேருக்குக் கீழ நம்ம மூணு பேரும் இருந்தமா இல்லையா? ஜப்பான்காரன் சண்டையில கடை போச்சு. பேருமா போகணும்?

– ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன். நாலு எழுத்தையும் அப்படியே சேர்த்து வச்சுட்டுப் போங்களேன். விக்கப்போறது கடலை. அதுக்குப் போயி இம்புட்டு ஆராய்ச்சி.

– நீ சும்மா இரு ஆவுடையாள். தந்தியாபீசு மாஸ்டர்கிட்டக் கேட்டாச்சு. வாயில நுழையாத பேரு வேண்டாம், வழியில எழுத்து மாறிப்போகும்னுட்டாரு. நெசமான வார்த்தையா இருந்தா அடிக்கிறவன் தப்பு விடமாட்டான். போன சீசன்ல கொச்சியிலேர்ந்து வெலை ஏறுதுன்னு வந்த தந்தி எவன் மண்டிக்கோ போயிருச்சு. நாம மூடை மூடையா அடிமாட்டு வெலைக்குத் தள்ளிட்டு நின்னோம். மறந்துட்டியா?

– நீளமா ஒண்ணு சொன்னேனேண்ணே. அட்வான்ஸ்மென்ட். முன்னேற்றம்னு அர்த்தம். ஏ, வி, எம் மூணும் அதுல இருக்கு.

– நீளம் நல்லாத்தான் இருக்கு. பலகை முழுக்க வரும். கே எங்க? அப்பச்சியை விட்டுட்டு எனக்கு என்னடா முன்னேற்றம்?

– அப்ப ‘நேவ்’. கே இருக்கு, ஏ இருக்கு, வி இருக்கு.

– அதுக்கு என்ன அர்த்தம்?

– அயோக்கியன்.

– வெளங்கும். அந்த அயோக்கியனுக்கும் எம் இல்லை.

– அண்ணே, ஒரே ஒரு எழுத்தை விட்டா சுலபமாக் கெடைச்சுரும். அதைத்தான் நானும் சொல்ல வாரேன், நீங்க விடமாட்டேங்கிறீங்க.

– சொல்லாதே. எந்த எழுத்துன்னு எனக்குத் தெரியும். எம்மை விட்டா மெய்யப்பன் அன்னைக்கே பங்கைப் பிரிங்கன்னு வந்து நிப்பான். மூடை அடுக்குற கிட்டங்கியில அவனைக் கேக்காம தராசை மாத்துனதுக்கே எம்புட்டு நாளு எங்கிட்ட மூஞ்சி குடுக்கலை. பிரிஞ்சா அவன்தான் பிரிவான். எனக்குத் தெரியாதா?

– நான் எம்மைச் சொல்லலைண்ணே.

– அப்பச்சி எழுத்துல கைவச்சா மனுசனா இருக்கமாட்டேன். தேடு.

– இந்தக் கூத்துல காப்பி ஆறிப்போச்சு. தம்பி, நீங்களாச்சும் குடிங்க. ஆமா, உங்க பெண்டாட்டி சாலா அடுப்பு நேத்துலேர்ந்து பத்தலையே? ஏனமெல்லாம் கழுவிக் கவுத்துக் கெடக்கு.

– ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா, அண்ணமிண்டி.

– எங்கிட்டச் சொல்லாமயா? வேறு வச்சு அடுப்பு தனியாப் போனாலும், ஒரு கொட்டைப் புளி வேணும்னா எங்கிட்டத்தானே வந்து நிப்பா.

– ஏண்டி, அடுப்புக் கதையெல்லாம் இப்பத்தான் பேசணுமா? கல்யாணமானா நம்ம வீட்டுல தனிச் சமையலா வேறு வைக்கிறது முறை. சோத்தைப் பிரிக்கலாம், தொழிலைப் பிரிக்கக் கூடாது. டேய், வைரவா, உங்கிட்டச் சொல்றதுக்கு என்ன. எனக்குப் பயமா இருக்குடா. ஒரு வீட்டுக்குள்ள மூணு அடுப்பு எரியுது. நாளைக்கு இதே வீட்டுல மூணு மண்டி ஆயிட்டா? எவன் எங்கேயிருந்து தந்தி அடிச்சாலும் நம்ம எல்லாரையும் ஒண்ணாக் கூப்பிட்டுத்தான் ஆகணும். அதுக்குத்தான் இந்தப் பேரு. வெளங்குதா?

– வெளங்குதுண்ணே.

– பின்னே ஏன் முழிக்கிறே? பஸ் வந்துரும். தந்தியாபீசு மூடுறதுக்குள்ள நான் போகணும். ஒண்ணுகூடவா இல்லை?

– ஒண்ணு இருக்கு.

– இருக்கா? இவ்வளவு நேரம் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?

– மேவரிக். எம், ஏ, வி, கடைசியில கே. நாலும் இருக்கு.

– மேவரிக். ஆவுடையாள், கேட்டியா? வெள்ளைக்காரன் கம்பெனி கணக்கா இருக்கு. மேவரிக். எழுதுடா.

– அர்த்தம் கேக்கலையேண்ணே.

– சொல்லித் தொலை.

– அமெரிக்காவுல மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பாக. அந்தச் சூடு படாம, மந்தையை விட்டுட்டுத் தன் வழியில போற கன்னுக்கு அந்தப் பேரு. மனுசருலயும் கூட்டத்தோட ஒட்டாம தனியாப் போறவனைச் சொல்லுவாக.

– தேடித் தேடி எல்லாரையும் ஒண்ணாச் சேர்க்க ஒரு வார்த்தை கெடைச்சா, அதுக்கு இந்த அர்த்தமா? தலையெழுத்துடா. சரி, போகுது. கொச்சிக்காரன் அர்த்தம் பார்த்தா கடலை வாங்கப் போறான்? நம்ம வீட்டுல மந்தையை விட்டு எவன் போறான்? தந்தியாபீசு மனுவுல எழுதி, கீழ கையெழுத்தைப் போடு. மெய்யப்பன், பேரு எதுவானாலும் சரின்னு காலையிலேயே போட்டுட்டான்.

– நான் போடலைண்ணே.

– என்னடா சொல்றே?

– சாலா ஆத்தா வீட்டுக்குப் போகலை. திருச்சியில வீடு பார்த்துப் போயிருக்கா. எனக்கு அங்கே பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை. அடுத்த மாசம் சேரணும்.

– தம்பி, அதான் ஏனத்தைக் கவுத்துட்டுப் போனாளா?

– நீ உள்ளே போ, ஆவுடையாள். அப்ப இத்தனை நாளா எதுக்குடா எங்கூட உக்காந்து தேடினே?

– உங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியலைண்ணே. நாலும் வர்ற வார்த்தை ஒண்ணு நல்ல அர்த்தத்தோட கெடைச்சா இருந்துடலாம்னுகூட நெனைச்சேன். என் எழுத்தை எடுத்துருங்க. மத்த மூணுக்கும் நீங்க தெனம் சொல்ற வார்த்தையே இருக்கு, ‘மார்க்கெட்’. தேட ஆரம்பிச்ச அன்னைக்கே கெடைச்சுருச்சு.