ஆற்றுக்கு அங்காலை பாதி வகுப்பு

வேலை கேட்டு டொரொன்டோவிலிருந்து யூனியன்வில் போய்க்கொண்டிருந்தேன். வெளியே பனி மெல்ல விழுந்தது. பஸ்ஸில் முன் இருக்கையில் இரண்டு சகோதரிகள். தங்கை ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார்.

"மகள் காலமை ஜெர்மனியிலை தேத்தண்ணி குடிச்சிட்டு, மத்தியானம் பிரான்ஸிலை சாப்பிடுவாளாம்," என்றார் தங்கை.

"என்னத்துக்கு?"

"நேர்ஸ் படிப்பு, அக்கா. ரண்டு நாடும் சேந்து நடத்துது. பாதி வகுப்பு எல்லை ஆத்துக்கு இங்காலை, பாதி அங்காலை. பதினேழு வயசெண்டபடியா நான் சைன் வைக்கோணும். இண்டைக்குக் கடைசி நாள்."

"வையன். என்ன யோசினை?"

"அந்த ஆத்தை நான் அகதியா வரேக்கை லொறிக்கை, உருளைக்கிழங்கு மூட்டையளுக்குக் கீழை கிடந்து கடந்தனான்."

"இப்பவும் மறிக்கிறாங்களோ?"

"ட்ராம் ஓடுது. ஒருத்தரும் கேக்கிறேல்லை. எண்டாலும் அங்காலை மீன் வாங்கப் போனாலும் பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம் எல்லாம் கொண்டுதான் போறனான்."

"மீன்காரன் கலியாணப் பத்திரம் கேக்கிறவனோ?"

தங்கை சிரித்தபடி கண்ணாடியில் படிந்த பனிப்புகாரைத் துடைத்தார்.

"இது எவ்விடம்?"

"மார்க்கம். டொரொன்டோ அப்பவே முடிஞ்சுது."

"எங்கை முடிஞ்சது? ஒண்டும் தெரியேல்லையே."

"எல்லை ஒரு றோட்டுத்தான். தாண்டிட்டம்."

தங்கை கையுறையைக் கழற்றி, போனில் மகளின் படிவத்தைத் திறந்து, விரலால் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.