கிளாரன்ஸ் அண்ணனின் கற்கள் எங்கே இருக்க வேண்டும்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஊழியர் சங்கத்தின் முன்னாள் செயலாளர் திரு. கணேசமூர்த்தி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எலிசபெத் அண்ணி அவர்களே, தொம்மலூர்ப் பெரியவர்களே, ஷிப்ட் முடித்து நேராக வந்து பின்வரிசையில் கண் அசந்திருக்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் ஸ்டோர்ஸ் தனக்கோடியின் வணக்கம்.

பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் பேசி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியவன். இரண்டாம் முறை வாங்கிய மார்க் முதல் முறையைவிடக் குறைவு. ஆகையால் பேச வேண்டியதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். என் மகள் ரூபினி நேற்று இதைப் படித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல உன்னப் பத்திதான் அதிகமா இருக்கு. கிளாரன்ஸ் அங்கிள் நடுவுல வந்து போறாரு" என்றாள். பாதியை அடித்துவிட்டேன். மீதியை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நினைவுக் கூட்டத்தின் நோட்டீஸில், "அன்னார் பயன்படுத்திய கற்கள் கண்ணாடிப் பெட்டியில் அவரது இல்லத்தின் கூடத்தில் என்றென்றும் வைக்கப்படும்" என்று அச்சிட்டிருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் அச்சிட்டிருக்கிறார்கள். பெட்டியும் வந்துவிட்டது, இதோ மேடை ஓரத்தில் துணி போட்டு மூடியிருக்கிறது. அதை அங்கே வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் நான் எழுந்து நிற்கிறேன். தலைவர் கோபிக்கக் கூடாது. காரணத்தைச் சொன்ன பிறகு கோபித்துக்கொள்ளலாம்.

யார் இந்தக் கிளாரன்ஸ்? கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, "பூமிக்குள்ள எறங்க மாட்டேன், பூமிக்கு மேல எந்த வேலையானாலும் குடு" என்று பெங்களூருக்கு வந்தவர். ஓசூர் ரோட்டில் எங்கள் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கர். இப்படிப்பட்ட ஒருவர் வருஷத்துக்கு எட்டு முறை தன் தொம்மலூர் வீட்டு மொட்டை மாடியில் நெருப்பு மூட்டி, கிறிஸ்து மதம் போய்ச் சேருவதற்கு முந்தைய வடதேசத்துப் பண்டிகைகளைக் கொண்டாடி, பையில் கைவிட்டுக் கல் எடுக்கச் சொன்னார் என்றால், வெளியூர்க்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நான் என்ன செய்ய? நடந்ததைத்தானே சொல்ல முடியும்?

1991 டிசம்பர். இங்கே இருக்கிறவர்களுக்கு அந்த டிசம்பரை நான் விளக்க வேண்டியதில்லை. காவிரிக் கலவரம் ஓய்ந்தும் ஓயாத வாரம். தமிழ்க் குடியிருப்புகளில் இருந்த நாங்கள் சிலர் வீட்டுக்குப் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தொழிற்சாலை கெஸ்ட் ஹவுஸில் படுத்துக் கிடந்தோம். அங்கே ஸ்வென் என்று ஒரு சுவீடன்காரர், புதிய பிரஸ்ஸைப் பொருத்திக் கொடுக்க வந்தவர், அவரும் மாட்டிக்கொண்டார். ஊரே நெருப்பைக் கண்டால் ஓடிய அந்த வாரத்தில், அந்த மனிதர் எங்களிடம் விறகு கேட்டார்.

எதற்கு? இருபத்தொன்றாம் தேதி வருஷத்திலேயே நீண்ட இரவாம். மறுநாளிலிருந்து சூரியன் திரும்புமாம். அவர் நாட்டில் சிலர் அந்தப் பழைய பண்டிகைகளைத் தேடிப் பிடித்து மறுபடி கொண்டாட ஆரம்பித்திருக்கிறார்களாம். பேக்கிங் பெட்டிப் பலகையை உடைத்து முற்றத்தில் எரித்தோம். பிறகு ஒரு தோல் பையை நீட்டினார். உள்ளே கூழாங்கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய எழுத்து செதுக்கியிருந்தது. ஒன்றை எடுத்தால் வரப்போவதைச் சொல்லுமாம். எங்களுக்கு அன்றைக்கு வரப்போவதைத் தெரிந்துகொள்ளும் தைரியம் இல்லை. கிளாரன்ஸ் அண்ணன் மட்டும் கைவிட்டார்.

ஸ்வென் ஊர் திரும்பும்போது அந்தப் பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்களாக இருந்தால் ஷோகேஸில் வைத்திருப்பார்கள். நம் ஆள் அதை வைத்து வேலை வாங்க ஆரம்பித்தார்.

"வரப்போறதத் தெரிஞ்சிகிட்டு என்னய்யா பண்ணப்போற? வர்றது எப்படியும் வரும். நீ எழுந்து போய் ஒரு காரியத்தப் பாரு." இதுதான் அவருடைய சாத்திரம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு காரியம். மாட்டைக் குறிக்கும் எழுத்துப் போட்ட மாட்டுக் கல் வந்தால், வீட்டில் இருப்பதைச் சமைத்து உன் தெருவில் தெரியாத ஒருவருக்குப் போட வேண்டும். பெருக்கல் குறி போட்ட கல் வந்தால், கேட்காமலே ஒருவருக்கு உதவ வேண்டும். ஒற்றைக் கோடு போட்டது பனிக்கட்டிக் கல். அது வந்தால், எந்த விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாயோ அந்த விஷயத்தில் அடுத்த பண்டிகை வரை வாயைத் திறக்கக் கூடாது. ஆங்கில ஆர் எழுத்துப் போல இருப்பது பயணக் கல். பேச்சு அறுந்துபோன ஒருவர் வீட்டுக்கு நீயாகப் போய் வர வேண்டும். எடுத்தவரால் முடியாமல் போனால், அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் செய்து முடிக்க வேண்டும். எங்களோடு கல் எடுக்கும் உமேஷுக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம் அவருடைய மாட்டுக் கல்லுக்காக நான் சமைத்தேன். சாப்பிட்டவர் இன்னும் என்னைக் கண்டால் தெரு மாறிப் போகிறார்.

பண்டிகைகள் நம் ஊருக்குப் பொருந்தினவா? எங்கே பொருந்தின? ஜூன் இருபத்தொன்று அவர்களுக்கு நடுக்கோடை. நமக்கு மழை. குடை பிடித்துக்கொண்டு நெருப்பு மூட்டினோம். கீழ்வீட்டு கோவிந்தப்பா எட்டிப் பார்த்து, "ஏன் மாராயா, மளேல பெங்கியா?" என்று மழையில் நெருப்பு வைத்தவர்களை விசாரித்துவிட்டு, சிரித்து முடித்து, ஒரு தகரம் கொடுத்துவிட்டுப் போனார். ஆகஸ்டு முதல் தேதி அறுவடைப் பண்டிகை. புது தானியத்தில் ரொட்டி சுட வேண்டும். நம் பக்கம் அப்போதுதான் கேழ்வரகு முளைத்திருக்கும். ஐயங்கார் பேக்கரியில் ஒரு முழு பிரெட் வாங்கி வந்து வைத்தோம். தேதியை மாற்றலாமே என்று நான் கேட்டேன். "தேதி அவங்களோடது, காரியம் நம்மளோடது. நீ பிரெட்ட வெட்டு" என்றார்.

அவர் செய்த சேவை என்ன என்று கேட்கிறீர்களா? என் வீட்டையே உதாரணம் சொல்கிறேன். ரூபினி கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர வேண்டும் என்றாள். நான் மாப்பிள்ளை பார்த்துவிட்டேன் என்றேன். வீட்டில் தினமும் சத்தம். பிப்ரவரிப் பண்டிகையில் கை விட்டேன், பனிக்கட்டிக் கல். மார்ச் வரை அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. நான் வாயைத் திறக்க அனுமதி கிடைப்பதற்குள் அவள் கோர்ஸில் பாதி முடித்திருந்தாள். மாப்பிள்ளை வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார். என் மனைவி பாகீரதி கிளாரன்ஸ் அண்ணன் வீட்டுக்குப் போய், "அண்ணே, அந்தக் கல்லு விலைக்குக் கிடைக்குமா? வீட்டுல ஒண்ணு எப்பவும் இருக்கட்டும்" என்று கேட்டுவிட்டு வந்தாள். அந்த ஆறு வாரம் என் வீட்டில் இருந்த அமைதியை என் அக்கம்பக்கத்தார் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

இப்போது ஜோசபினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளாரன்ஸ் அண்ணனின் ஒரே மகள். சின்ன வயதில் அந்த நெருப்பின் பக்கத்தில் நிலக்கடலை வறுத்தவள். ஆனேக்கல்லுக்கு மணமாகிப் போனாள், டீச்சர் வேலை. அங்கே ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்த பிறகு, அந்தக் கற்கள் சாத்தானுடையவை என்று மனதார நம்பினாள். மூன்று வருஷம் முன்னால், "அந்தப் பை வெளிய போனாதான் நான் உள்ள வருவேன்" என்றாள். அவர், "பை எங்கயும் போகாது" என்றார். அதற்குப் பிறகு தகப்பனும் மகளும் பேசவில்லை. இதில் யார் பக்கம் நியாயம்? அதைச் சொல்லும் அளவுக்கு நான் படிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். அது மட்டும் தெரியும்.

இந்த அக்டோபர் கடைசி நாள், இறந்தவர்களை நினைக்கும் பண்டிகை. மாடியில் எல்லாரும் எடுத்த பிறகு கடைசியாக அவர் எடுத்தார். பயணக் கல். அவர் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். இரண்டு வாரம் கழித்து, போகாமலே, தூக்கத்தில் இறந்துபோனார்.

அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பக்கம்தான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொள்ள வசதி.

அடக்கத்துக்கு ஜோசபின் வந்தாள். கல்லறையில் நின்றாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள், வீட்டுக்கு வராமல் திரும்பிவிட்டாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் ஆனேக்கல்லுக்கு பஸ் ஏறினேன். நான் வாயைவிட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்று ரூபினியும் கூட வந்தாள்.

ஜோசபின் கதவைத் திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை.

"யாரு அனுப்பிச்சாங்க அங்கிள், அம்மாவா?"

"இல்லம்மா, உங்கப்பா."

"அவரு போய் ரெண்டு வாரம் ஆச்சு."

"அதான் கொஞ்சம் லேட்டு" என்றேன். ரூபினி என் முழங்கையில் கிள்ளினாள். பிறகு நடந்ததைச் சொன்னேன்.

"கல்லு சொல்லிச்சுன்னா வந்திருக்கீங்க?"

"ஆமாம்மா."

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமே, அங்கிள்."

"பஸ்ஸுல ரெண்டு மூணு யோசிச்சேன். ஒண்ணுகூட நல்லா இல்லன்னு இவ சொல்லிட்டா."

அவளுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, வரவில்லை. "எப்ப எடுத்தாரு?" என்று கேட்டாள்.

"அக்டோபர் கடைசியில."

"அப்ப அவருக்கு ரெண்டு வாரம் இருந்துது."

"இருந்துது."

"தொம்மலூர்ல இருந்து ஆனேக்கல்லு என்ன அமெரிக்காவா, அங்கிள்? ரெண்டு பஸ்ஸு. அவரு ஏன் வரல?"

அவையோரே, இந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? மறைந்தவரைப் பற்றி இந்த மேடையில் இன்று எத்தனையோ நல்ல வார்த்தைகள் பேசினோம். அவற்றில் ஒன்றுகூட அந்த வாசலில் எனக்குக் கைகொடுத்திருக்காது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "ஓடுற மெஷினுக்குள்ள தலைய விட்டு சத்தம் கேக்கிறவரும்மா அவரு. உன் கதவத் தட்டப் பயந்துட்டாரு. நானும் பொண்ணப் பெத்தவன். அந்தப் பயம் எனக்குத் தெரியும்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "வந்திருந்தா நான் தொறந்திருப்பேனான்னு எனக்கே தெரியல, அங்கிள்" என்றாள். பிறகு உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தாள். வாசலில் நின்றபடியே குடித்தோம்.

டம்ளரை வாங்கும்போது கேட்டாள்: "அம்மா தனியாவா படுக்கறாங்க?"

"ஆமாம்மா."

"அந்தப் பை?"

"பீரோவுல இருக்கு."

"அப்ப நான் எப்படி அங்கிள் வருவேன்?"

இதுதான் நான் ஆனேக்கல்லிலிருந்து கொண்டுவந்தது. அந்தக் கற்களில் சாத்தான் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்திருந்தால் என் சமையலைச் சாப்பிட்டவருக்காவது தோன்றியிருக்கும். ஆனால் ஜோசபினுக்கு இருக்கிறான். அவளோடு வாதம் செய்ய நான் யார்? கிளாரன்ஸ் அண்ணனே அவளிடம் வாதம் செய்து தோற்றார். இன்று நாம் அந்தக் கற்களைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு, கூடத்தில் வைத்து, மாலையும் போட்டுவிட்டால் என்ன ஆகும்? வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போவார்கள். வர வேண்டியவள் மட்டும் வர மாட்டாள். அண்ணி அந்தப் பெட்டியோடு தனியாக இருப்பார்கள். கிளாரன்ஸ் அண்ணனுக்கு நாம் செய்யும் மரியாதை இதுவா?

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய ஒவ்வொருவரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன். எட்டுப் பண்டிகையும் நடக்கும். எடுத்த கல்லுக்கு உண்டான காரியத்தைச் செய்வோம். முடியாதவருக்கு இடப்பக்கத்தவர் செய்வார். ஆனால் தொம்மலூர் மாடியில் அல்ல. வருகிற இருபத்தொன்றாம் தேதி மாலை, பொம்மனஹள்ளியில் என் வீட்டு மாடியில். தண்ணீர்த் தொட்டி பாதி இடத்தை அடைத்திருக்கிறது. ஒருவர் பின்னால் ஒருவர் நிற்க வேண்டியிருக்கும். விறகு கொண்டுவாருங்கள். தின்பண்டம் வாங்கி வாருங்கள், நான் சமைக்க மாட்டேன்.

வீட்டில் கேட்டாயா என்று தலைவர் கேட்பார். கேட்டுவிட்டேன். பாகீரதி சொன்னது: "கல்லு வரட்டும். நெருப்பு வேணாம், மேல துணி காயுது." ஒரு நாள் மட்டும்தான் என்றேன். "அன்னிக்குத் தொவைக்கல" என்றாள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சம்மதம்.

அந்தப் பெட்டிக்குத் தலைவர் வேறு ஏதாவது வழி பார்க்கட்டும். சங்கத்தின் கேரம் கோப்பைகள் வெளியில் தூசி பிடித்துக் கிடக்கின்றன.

எலிசபெத் அண்ணி, பெட்டியில் வைப்பதற்காகப் பையைக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று தெரியும். கூட்டம் முடிந்ததும் அதை என் கையில் கொடுங்கள். நான் இங்கிருந்தே பஸ் ஏறிவிடுகிறேன். உங்கள் தெருவுக்குள்கூட அது திரும்பி வர வேண்டாம். பிறகு வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, ஆனேக்கல்லுக்கு ஒரு போன் போடுங்கள். நம்பர் ரூபினியிடம் இருக்கிறது. எங்களைப் பற்றி, இந்தக் கூட்டத்தைப் பற்றி, நான் பேசினதைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். பை வீட்டில் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவள் பேசும்வரை போனை வைத்துவிடாதீர்கள்.