சாரலில் நனையாத சீமைக் கார்

பத்திரமாக வைத்துக்கொள்வது எதுவரை நல்லது? யோசித்துப் பார்க்கிறேன், இன்னும் விடை தெரியவில்லை.

ஆடி மாதம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ். முன் இருக்கையில் ஒரு கணவன் மனைவி. அவர்கள் விற்கவிருக்கும் சீமைக் காரைப் பார்த்துவிட்டு வந்த சுரண்டை வியாபாரி பக்கத்தில் நின்றிருந்தார்.

“தூரதேசம் ஓடுததுக்குன்னே செஞ்ச வண்டின்னு சொல்லுதீக அண்ணாச்சி. மீட்டர் ஓடவே இல்லியே, என்ன கோளாறு?”

“ஒரு கோளாறும் இல்ல. குத்தாலம் போகத்தான் வாங்கினேன். சீசன்ல சாரல் விழும், வண்டி நனஞ்சிரும். சீசன் முடிஞ்சா அருவில தண்ணி கெடையாது. பெறவு எதுக்கு எடுக்கணும்?”

“அதான் வருசாவருசம் பஸ்சுல வாறோம்,” என்றார் அந்த அம்மாள். “நான் இன்னும் அதுல ஏறுனதே இல்ல.”

“எண்ணெய்த் தலையோட சாஞ்சா தோல் சீட்டு என்னத்துக்கு ஆகும், ஏட்டி?”

“விக்கதுக்கு முன்னால ஒரு தடவை சாரல்ல கூட்டிட்டுப் போங்க. சாவி என் முந்தியிலதான் இருக்கு, தரமாட்டேன்.”

வியாபாரி சிரித்தார். “மதினி சொல்லுததுதான் சரி. நனஞ்ச வண்டியவே வாங்கிக்கிடுதேன். ஓடுதான்னு எனக்கும் தெரியணும்லா!”

கணவர் மனைவி பக்கம் திரும்பினார். “சரி, நாளைக்குப் போவோம். குடையை எடுத்துக்கோ.”

“காருக்குள்ளயா?”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். என் மடியில் கம்பளிக் குல்லாயோடு இருந்த பையன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான். சட்டென்று உள்ளே இழுத்துத் துடைத்தேன்.

சளி பிடிக்குமென்று அவனை இதுவரை சாரலில் காட்டியதே இல்லை. ஒன்றரை வயதாகிறது. காட்டலாமா? அனுபவமுள்ள தாய்மார்கள் எழுதுங்கள், சீசன் முடிவதற்குள்.