அலுத்துப்போன ஆட்டம்

ஒரு விளையாட்டு அலுத்துப்போவது யாருக்கும் நடக்கிறதுதான், ஐயா. எனக்கும் நடந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

செல்போனில் ஆடுகிற ஆட்டம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். நாங்கள் ஐவரும் பஸ்ராவில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். முஹன்னத்தான் கேப்டன். மாலைத் தொழுகை முடிந்ததும் அவரவர் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். நான் மட்டும் என் ஜெனரேட்டர் கொட்டகையில். மாலையானால் அரசாங்கக் கரண்ட் போய்விடும்; அப்புறம் எங்கள் தெருவில் விளக்கு எரிவது என் தயவில்தான். வீட்டுக்கு ஒரு சுவிட்ச், எல்லாம் என் நாற்காலிக்குப் பின்னால் பலகையில் இருக்கும்.

ஆரம்பத்தில் பைத்தியமாக ஆடினேன். கல்யாணத்தன்றுகூட ஒரு ஆட்டம் முடித்துவிட்டுத்தான் மாப்பிள்ளைச் சட்டை போட்டேன். பிறகு ஒருநாள் காரணமே இல்லாமல் ருசி போய்விட்டது. அதே கோட்டை, அதே பாதை, அதே வசவு. "வலது பக்கம் போடா கழுத, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று முஹன்னத் காதுக்குள் கத்துவான். ஆறின சோற்றையே தினமும் தின்கிற மாதிரி இருந்தது.

சொல்லிவிட்டு விலகியிருக்கலாமே என்பீர்கள். விலகிப் பார்த்தேன். வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லிச் சில நாள் ஆடாமல் இருந்தேன். வெள்ளிக்கிழமை நால்வரும் முஹன்னத்தின் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஏதோ குலப்பகை தீர்க்க வந்தவர்கள் போல வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் காப்பி கொடுத்தேன். பெரியவர் வாங்கித் தரையில் வைத்துவிட்டார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரன் சொல்லும்வரை வந்தவர் காப்பியைத் தொடமாட்டார். தொடாமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிட மானக்கேடு வேறில்லை.

"இவனுங்க ஏதாச்சும் மனசு நோகப் பேசியிருந்தா மறந்துடுப்பா. நாளையிலேர்ந்து ஆட்டத்துக்கு வா," என்றார். அது என்ன ஆட்டம் என்றுகூட அவருக்குத் தெரியாது.

"காப்பியக் குடிங்க பெரியப்பா. நீங்க கேட்டது கெடச்சாச்சு," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் அலுப்பைக் கண்டுபிடித்தது ஒரே ஒருவர்தான், முஹன்னத்தின் அம்மா. சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன். நுரையீரல் கெட்டுப்போய் ஆக்ஸிஜன் மெஷினோடு படுத்திருந்தார். அவர்கள் வீட்டு சுவிட்சிலிருந்தே அந்த அறைக்கும் வயர் இழுத்துக் கொடுத்தவன் நான்தான். ஒருநாள் பார்க்கப் போனபோது சொன்னார்: "மொகத்துல களையே இல்லையே கண்ணு. அந்தச் சனியன் புடிச்ச ஆட்டம் புடிக்கலேன்னா விட்டுடு. நான் வேணா அவங்கிட்ட சொல்லவா?"

வேண்டாம் என்றேன். அவன் மனம் நோகும். எனக்கு யார் மனமும் நோகக்கூடாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அதனால்தான் சுவிட்ச். ஒரு மாலை, ஆட்டம் ஜவ்வாக இழுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் கையை நீட்டி முஹன்னத் வீட்டு சுவிட்சைத் தட்டினேன். அவன் வீட்டு வைஃபை போயிற்று, கேப்டன் போனான், ஆட்டம் கலைந்தது. நான் வீட்டுக்குப் போய் மனைவியோடு சூடாக மீன் சாப்பிட்டேன். ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை. இவ்வளவு சுலபமான வழி இத்தனை நாள் தோன்றவில்லையே என்று என்மேலேயே எனக்கு வருத்தம்.

அதன்பிறகு அடிக்கடி செய்தேன். கரண்ட் போனால் சின்னம்மாவின் அவசரத்துக்கு அவர்களிடம் ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் உண்டு. அது தீர்வதற்குள் சுவிட்சைப் போட்டுவிடுவேன். நான் பொறுப்பில்லாத ஆள் இல்லை. வயர் சூடாகிவிடுகிறது என்று முஹன்னத்திடம் சொன்னேன். அவன் நம்பினான். எனக்குத்தான் எவ்வளவு அலைச்சல் என்று வருத்தப்பட்டு, சின்னம்மா அவனிடம் ஒரு பாத்திரம் நிறைய தோல்மா கொடுத்தனுப்பினார். திராட்சை இலையில் சோற்றை வைத்துச் சுற்றியது, நல்ல புளிப்பு. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அன்றைக்கு ஆட்டம் தொடங்குமுன் முஹன்னத் சொன்னான்: "சிலிண்டர் தீந்துபோச்சுடா. நாளைக்குத்தான் மாத்திக் குடுப்பாங்களாம். இன்னிக்கு மட்டும் கரண்ட் போகாம பாத்துக்க."

"பாத்துக்கறேன்," என்றேன்.

பாதி ஆட்டத்தில் வழக்கம்போல அலுத்தது. தட்டினேன். ஆட்டம் கலைந்ததும் போட்டுவிடலாம் என்றுதான். ஆனால் அன்று கலையவில்லை. "கேப்டன் இல்லேன்னா என்ன, நாம நாலு பேரே பாத்துருவோம். நீ சொல்லு, நாங்க கேக்கறோம்," என்றான் லெய்த்.

நீ சொல்லு என்று என்னிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை, ஐயா. நான் இடது பக்கம் என்றால் மூன்று பேரும் இடது பக்கம் போனார்கள். நில் என்றால் நின்றார்கள். காதுக்குள் வசவே இல்லை. எங்கே தொலைத்தோம் என்று தெரியாமல் இருந்த ருசி நாக்கில் திரும்பி வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் முஹன்னத் போன் செய்தான். போன் வந்தால் திரையில் பாதி மறைந்துவிடும், எதிராளி எங்கே நிற்கிறான் என்றே தெரியாது. தள்ளிவிட்டேன். மறுபடி வந்தது, மறுபடி தள்ளினேன். எதற்காகக் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியும். கையை நீட்டினால் சுவிட்ச். ஆனால் சுவிட்சைப் போட்டால் அவன் ஆட்டத்துக்குள் வந்துவிடுவான், பழையபடி கத்துவான். கோட்டை வேறு இடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

அவர்கள் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், மெஷினை அது தாங்கவில்லை. பிறகு காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே சின்னம்மா போய்விட்டார்.

நாங்கள் ஜெயித்தோம். அதற்குப் பிறகுதான் சுவிட்சைப் போட்டேன்.

ஒரு தடவையாவது போனை எடுத்திருக்கக்கூடாதா என்று முஹன்னத் இந்த ஸ்டேஷனுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். அவனே கேப்டன், அவனுக்கே தெரிய வேண்டாமா? மூன்று பேர் என்னை நம்பி நின்றுகொண்டிருந்தார்கள். நம்பியவர்களைப் பாதியில் கைவிட எனக்கு மனசு வராது, ஐயா.