இரண்டு தாள், ஒரு வயிறு

– இப்பத்தானே ஒரு மாத்திரை முழுங்கினே? கையில இன்னொண்ணு எதுக்கும்மா? காய்ச்சலா?

– காய்ச்சல் இல்ல மாமா. முதல்ல போட்டது ஃபோலிக் ஆசிட். கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும்னு டாக்டர் எனக்குக் கொடுத்தது. இது அவருக்குக் கொடுத்தது.

– அவனுக்குக் கொடுத்ததை நீ ஏன் முழுங்கறே?

– அவருக்கு மாத்திரை தொண்டையில நிக்குமாம். புருஷன் பொண்டாட்டி ஒரே உடம்புதானேன்னு அத்தை சொன்னாங்க. பரவாயில்ல மாமா.

– முப்பது வருஷம் லாரி ஓட்டினேன். ஒரு வண்டிக்கு ஊத்தின டீசல்ல பக்கத்து வண்டி ஓடி நான் பார்த்ததில்ல. ஃபிரிட்ஜ் கதவுல ரெண்டு தாள் தொங்குதே, அதைப் படி. டாக்டர் எழுதறதை நான் நம்ப மாட்டேன். ஆனா கேட்கறேன்.

– முதல் தாள் எனக்கு. காய்கறி, பழம், பருப்பு, முட்டை. நல்ல தூக்கம். தினம் அரைமணி நடை.

– நடக்கறியா?

– ஒரு மணி நேரம் நடக்கறேன்.

– அரைமணின்னுதானே படிச்சே?

– அரைமணி என்னோடது. அரைமணி அவரோடது.

– அதான் இப்படி வத்தலாப் போயிட்டியா?

– அவர் ஆறு கிலோ குறைக்கணும்னாங்க. நான் நாலு குறைச்சிட்டேன். இன்னும் ரெண்டுதான் பாக்கி.

– உன்னையும் குறைக்கவா சொன்னாங்க?

– இல்ல மாமா. என்னை ரெண்டு கிலோ ஏறச் சொன்னாங்க.

– நாசமாப் போச்சு. அவன் தாளைப் படி.

– ஒண்ணு, சிகரெட்டை அடியோட விடணும்.

– நீ எப்ப பிடிச்சே?

– பிடிச்சதே இல்ல. அதனாலதான் தாள்ல தொண்ணூறு நாள் கட்டத்துலயும் டிக் விழுந்திருக்கு.

– ரெண்டு?

– குடிக்கக் கூடாது. அதுக்கும் டிக்.

– நேத்து மாடியில பாட்டில் உருண்டுச்சே, அது யாரு?

– பூனைன்னு அவர் சொன்னார்.

– பூனைக்கு எத்தனை டிக்? சரி, மூணு?

– லேப்டாப்பை மடியில வச்சுக்கக் கூடாது. சூடு ஆகாதாம். என்னோடதை மேஜைக்கு மாத்திட்டேன்.

– நாலு?

– நாலு வேண்டாம் மாமா.

– ஏன், எழுத்து அழிஞ்சிருச்சா?

– அது ஆம்பளைங்க உள்ள உடுத்தறதைப் பத்தி. இறுக்கமா இருக்கக் கூடாதுன்னு.

– அதுக்குமா டிக்?

– ...அதுக்கும்தான்.

– ஏம்மா, ஊர்ல உள்ளவனெல்லாம் போன்ல திட்டறான், அத்தனை பேருக்கும் பதில் சொல்ற வேலை உனக்கு. வீட்டுல ஒரு வார்த்தை கேட்க வாய் வரலியா?

– அங்க திட்டறவங்க கொஞ்ச நேரத்துல போனை வச்சிடுவாங்க மாமா.

– சாயங்காலம் டாக்டர்கிட்ட இந்தத் தாளைத்தான் காட்டப் போறீங்களா?

– ஆமா. ரெண்டு பேரும் எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சும் கரு தங்கலைன்னா, அடுத்து எனக்கு மயக்க மருந்து கொடுத்து, வயித்துல துளை போட்டு, உள்ள கேமரா விட்டுப் பார்ப்பாங்களாம்.

– அவனுக்கு என்ன பார்த்தாங்க?

– ஒரு சின்ன டெஸ்ட்தான். குப்பி கொடுத்து அனுப்பினாங்க. அலமாரியில காலியா கிடக்கு. அந்த ஒண்ணை மட்டும் அவருக்குப் பதிலா என்னால செய்ய முடியல மாமா.

– டேய்! காதுல மாட்டினதைக் கழட்டிட்டு இங்க வா!

– என்னப்பா, மீட்டிங்ல இருக்கேன்ல?

– மீட்டிங் எங்கயும் ஓடிராது. இந்தத் தாள் யாரோடது?

– எங்க ரெண்டு பேரோடதும்தான். டீம் வொர்க்ப்பா. அவ எக்சிகியூஷன், நான் மானிட்டரிங்.

– எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

– அவ செய்வா. நான் பார்த்துக்குவேன்.

– அலமாரியில குப்பி இருக்கே, அதையும் பார்த்துக்கிட்டேதான் இருக்கியா?

– இதெல்லாம் உங்ககிட்ட சொன்னாளா? அப்பா, லாஜிக்கா யோசிங்க. ஆளைப் பார்த்தாலே தெரியலியா, எனக்கு என்ன குறை?

– ஆளைப் பார்த்துத் தெரியற விஷயம்னா டாக்டர் எதுக்குடா குப்பி கொடுத்தான்?

– முதல்ல அவளுக்குப் பார்க்கட்டும். அதுல ஒண்ணும் இல்லைன்னா, அப்புறம் எனக்குப் பார்க்கலாம்.

– அவளுக்குக் கத்தி, உனக்கு 'அப்புறமா'?

– வேண்டாங்க, விடுங்க. மாமா, நீங்களும் விடுங்க. நான் போய்ப் படுத்துக்கறேன், துளைதானே.

– நீ சும்மா இரும்மா. இவன் பேசட்டும்.

– பேசறேன். நீங்க என்னப்பா பத்தியம் இருந்தீங்க? லாரியில நாள் பூரா பீடி. கண்ட இடத்துல சாப்பாடு, கண்ட நேரத்துல தூக்கம். ஒரு டெஸ்ட் எடுத்தீங்களா?

– இல்ல. எடுக்கச் சொன்ன டாக்டரை அடிக்கப் போனேன்.

– பார்த்தியா? அவர் வாயாலயே வருது. அம்மா மட்டும்தானே மருந்து சாப்பிட்டாங்க?

– ஒன்பது வருஷம் சாப்பிட்டா. வயித்தைக் கீறியும் பார்த்தாங்க. அவகிட்ட ஒண்ணுமில்லன்னாங்க.

– அவ்வளவுதானே! அப்புறம் நான் பொறக்கலியா? நீங்க டெஸ்ட் எடுக்காததால என்ன கெட்டுப் போச்சு?

– பொறந்தே. எங்களுக்குப் பொறக்கலடா. காப்பகத்துல கைநாட்டு வச்சு, பதினெட்டு நாள் பிள்ளையா உன்னை மடியில போட்டு லாரியில கொண்டுவந்தேன்.