செல்வக்குமாரின் வண்டியில் டென்ஷனர் போல்ட்டை இறுக்கியது தொடர்பாக

பெயர் முனீஸ்வரி, வயது 17, த/பெ முத்துப்பாண்டி (லேட்), சிம்மக்கல், மதுரை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். என் அம்மா ஜெயக்கொடி முன்னிலையில், பெண் காவலர் விசாரிக்க, வீட்டில் வைத்துச் சொல்வதாவது:

அம்மாவின் அண்ணன் காசிமாயன் நடத்தும் டூவீலர் ஒர்க் ஷாப்பில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். நாங்கள் குடியிருப்பது அவர் வீட்டு மாடி.

கடந்த 9-ம் தேதி காலை பத்து மணியளவில் செல்வக்குமார் என்பவர் தன் பழைய பைக்கைக் கொண்டுவந்தார். இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின் சத்தம் போட்டது. செயினைத் தானாக இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்திருந்தது, அந்த மாடலுக்குப் புதியது எங்கும் கிடைக்கவில்லை. நான் அதைக் கழற்றும்போது அவர், "என்னண்ணே, பொம்பளப்புள்ள கைவைக்குது?" என்றார். மாமா, "அது கழுவத் தொடைக்க மாப்ள. வேல பூரா நம்ம கைதான்" என்று சொல்லி, அவரை டீ குடிக்க அழைத்துப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் டென்ஷனரின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பின்பக்கம் துளை போட்டு, மரை வெட்டி, இனி கையாலேயே இறுக்கிக்கொள்ளும்படி நீள போல்ட்டும் அதைப் பூட்ட ஒரு நட்டும் போட்டேன். இன்ஜினை ஓடவிட்டு, போல்ட்டை விரலால் மட்டும் திருகி, சத்தம் அடங்கிய இடத்தில் நிறுத்தி நட்டைப் பூட்டினேன். அதற்கு மேல் இறுக்கினால் உள்ளே செயினைத் தாங்கும் பட்டை உடைந்து இன்ஜின் இறுகிவிடும்.

அதன் பிறகு இருவரும் வந்தார்கள். மாமா நட்டைத் தளர்த்தி, ஸ்பேனரால் போல்ட்டை முக்கால் சுற்று உள்ளே ஏற்றினார். "வேணாம் மாமா, விரல் இறுக்கமே போதும்" என்றேன். அவர் செல்வக்குமாரிடம், "வெரலால திருகுறதுக்கு நீ எதுக்கு மாப்ள இம்புட்டுத் தூரம் வார?" என்றார். இருவரும் சிரித்தார்கள். அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன்.

12-ம் தேதி மாலை பசுமலை அருகே, ஓட்டத்திலேயே இன்ஜின் இறுகி வண்டி விழுந்ததில், பின்னால் இருந்த செல்வக்குமாரின் மனைவி சரண்யாதேவிக்கு இடது கால் முறிந்தது. மறுநாள் செல்வக்குமார் கடைக்கு வந்து கேட்டதற்கு மாமா என்னைக் காட்டி, "நான் இல்லாதப்ப இந்தக் கழுத செஞ்சு வச்சிருச்சு" என்றார். செல்வக்குமார் என்னைக் கன்னத்தில் அடித்தார். ஸ்பேனர் போட்டதை நின்று பார்த்தவர் அவர். மாமா அப்போது கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு மாமா மாடிக்கு வந்து, "ஒனக்குப் பதினெட்டு ஆகல, ஒண்ணும் பண்ண மாட்டாக. எல்லாம் நாந்தான்னு சொல்லிரு. மாடியக் காலி பண்ணச் சொன்னா ஆத்தாளும் மகளும் எங்கிட்டுப் போவீக?" என்றார். அம்மா, "எனக்கு ஒத்த அண்ணன்டி" என்றார். நான் இதைச் சொல்லும்போது அம்மா எழுந்து உள்ளே போனதால், அவர் திரும்பி வரும்வரை எழுதுவது நிறுத்தப்பட்டது.

துளை போட்டது, மரை வெட்டியது, விரலால் இறுக்கியது நான். ஸ்பேனரால் இறுக்கியது காசிமாயன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். ஓரிடத்தில் "மாமா சொல்லிக்கொடுத்தபடி" என்று இருந்தது. அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, உண்மை.

(ஒப்பம்) மு. முனீஸ்வரி